சுருதி இறக்கிய கோர்னெற்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம் என்று தொடங்குவதுதான் முறை. எழுதிவிட்டேன். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம் என அடுத்த வரியில் எழுத வேண்டும். அதையும் எழுதிவிட்டேன். வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் கணக்கு எழுதிய கை இது, எதை எழுதச் சொன்னாலும் நேராக எழுதும். ஆனால் எழுதும்போது உள்ளே ஒன்றும் அசைவதில்லை. உன் ஐயா முன்பு இப்படியில்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு பிள்ளை வாய்ப்பாடு பிழையாகச் சொன்னாலே வீட்டுக்கு வந்தும் குதித்துக்கொண்டு நிற்பேன். இப்போது பள்ளிக்கூடக் கூரை விழுந்தாலும் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு இருப்பேன் போலிருக்கிறது.

சொல்ல வந்த விஷயம் இதுதான். உன் தங்கச்சி பூமணிக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை கோப்பாய்ப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், கொஞ்சம் குண்டு, சிரித்த முகம். வருகிற மாதம் மூன்றாவது புதன்கிழமை எங்கள் தேவாலயத்திலேயே நடக்கும். நாள் குறித்த போதகரை விட்டால், இதை முதன்முதலாகக் கேட்பவன் நீதான். பெரியப்பா வீட்டுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. "தமையனுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்லேலாது" என்று உன் அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறா. கலியாணம் சொல்லும் ஒழுங்கு பிசகினால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். உன் மாமி ஒருத்தி, தனக்கு முன்னால் தன் மைத்துனிக்குச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக, கலியாண வீட்டுக்கு வந்து முன்வரிசையில் இருந்து, கை நனைக்காமல் எழும்பிப் போனதை நீயும் பார்த்தாய். ஆகவே, நான் படியேறி வந்து வாயால் சொல்வதாகவே இதை எடுத்துக்கொள்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த நாளிலிருந்து உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. சண்டை முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும், மலாயாவில் பிள்ளைகளை வைத்திருந்த எங்கள் உரும்பிராய் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் வந்தது. எங்கள் படலைக்கு வரவில்லை. நீ வேலை செய்த கந்தோருக்கு நான் எழுதியவற்றுக்கும் மறுமொழி இல்லை. பிறகு, உன்னோடு கோலாலம்பூர் றெயில்வேக் கந்தோரில் இருந்த ஒருவர் கப்பலில் வந்து இறங்கி எங்கள் வீட்டைத் தேடி வந்தார். ஜப்பான்காரர் சயாம் காட்டில் தண்டவாளம் போடக் கூலிகளைக் கொண்டுபோனபோது, பெயர் பதிய உன்னையும் கூட்டிப்போனார்கள் என்றார். அந்தக் கூட்டத்தில் திரும்பி வந்தவர்களை அவர் கண்டாராம். உன்னைக் காணவில்லையாம். நீ செத்ததைக் கண்டவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. அவர் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நான் அவரோடு மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். பல்லுப் பிடுங்கிய அன்று கன்னம் மரத்துக் கிடக்குமே, எனக்கு எல்லாம் அப்படித்தான் கிடந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

விஷயம் கேள்விப்பட்டு நம் போதகர் வந்தார். நினைவு ஆராதனை ஒன்று வைத்துவிட்டால் வீட்டில் மனம் ஆறும் என்றார். நல்ல மனிதர், அவரில் குறை இல்லை. நான் மறுத்துவிட்டேன். அப்படி வைத்தால், நீ இல்லை என்று நாங்களே ஊரைக் கூட்டிச் சொன்னதாகும். உன் அம்மா அதைத் தாங்கமாட்டா என்று எனக்குப் பட்டது. ஒழுங்கையில் தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால், அடுப்பில் எது கிடந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் படலைக்கு ஓடுகிறவ அவ. அவவை வைத்துக்கொண்டு எப்படி ஓம் என்பது? அதோடு நீ ஊதும் பித்தளை வாத்தியம், அந்தக் கோர்னெற் வேறு அப்போது திருத்தக் கொடுத்த இடத்தில் கிடந்தது. அதைத் திருத்துவித்த கதையை நீ கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் அது நீ சொல்லிவிட்டுப் போன வேலை.

அந்தக் கோர்னெற் எங்கள் வீட்டுக்கு வந்தது உனக்குப் பன்னிரண்டு வயதில். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் தன் பெட்டியில் இடமில்லாமல் விட்டுப்போன பழைய சாமான் அது, எங்கேயோ பட்டாளத்தில் ஊதப்பட்டதாம். நீ அதைக் கிணற்றடியில் வைத்து ஊதிப் பழகினாய். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "மாஸ்ரர், என்ரை மாடு பால் விடுகுதில்லை. பெடியனை ஒண்டில் நல்லா ஊதச் சொல்லுங்கோ, இல்லாட்டில் நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார். நீ நிப்பாட்டவில்லை. பிறகு நல்லாகவும் ஊதினாய். பாண்ட் வாத்தியக் குழுவில் சேர்ந்து, எங்கள் சபையில் யார் செத்தாலும் பிரேதத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு போனாய், யார் கலியாணம் கட்டினாலும் ஊதினாய். ஒரே ஒரு இடத்தில்தான் அது ஒத்துவரவில்லை. தேவாலயத்துக்குப் புது ஓர்கன் வந்தபோது, அது ஒரு சுருதியில் நின்றது, உன் கோர்னெற் கொஞ்சம் மேலே நின்றது. இரண்டும் சேர்ந்தால் காதுக்குள் மணல் விழுந்த மாதிரி இருந்தது. கிழவிமார் ஓர்கன்தான் பிழை என்றார்கள். அந்தக் காலத்து வாத்தியங்களையே சுருதி கூட்டித்தான் செய்தார்கள் என்று நீ எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாய்.

கடைசியாக லீவில் வந்து திரும்பிப் போகும்போது, யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் றெயிலில் ஏறுமுன் அதை என் கையில் தந்தாய். "ஐயா, இதைக் கீழிறக்கக்கூடிய ஒருத்தனைப் பிடிச்சுத் திருத்துவிச்சு வையுங்கோ. பூமணியின்ரை கலியாணத்துக்கு நான் வந்து ஓர்கனோடை சேத்து ஊதுவன்."

"என்ன செய்யவேணுமெண்டு சொல்லுறது?"

"இந்த வளைஞ்ச குழாயை முழுக்க வெளியிலை இழுத்தாலும் காணாது, கழண்டு விழுந்திடும். இதின்ரை ரண்டு காலும் ஒரு பெருவிரல் அகலத்துக்கு நீளவேணும். நீண்டால் சத்தம் இறங்கும். அவ்வளவுதான்."

நான் ஓம் என்றேன். கொண்டுவந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பூமணி அப்போது இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, இப்போது என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன். மலாயா விழுந்த செய்தி வந்த பிறகு, உனக்காக என்னால் செய்யக்கூடியதாக ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இது ஒன்றுதான் இருந்தது. அலுமாரியைத் திறந்தேன். கொழும்பில் பாண்ட் சாமான் விற்கிற கடைக்கு எழுதினேன். குண்டு விழுந்த பயத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அடுத்த கடைக்காரர் பதில் போட்டார். ஆகவே இங்கேயே தேட வேண்டியதாயிற்று.

முதலில் எங்கள் வீட்டுப் பத்தரிடம் போனேன். உன் அம்மாவின் தாலி செய்தவர், நகை என்றால் அவரைத் தவிர எங்களுக்கு வேறு ஆள் இல்லை. அவர் கோர்னெற்றைத் தொடவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"மாஸ்ரர், இது செத்தவீட்டிலை ஊதினதெல்லோ?"

"கலியாண வீட்டிலையும் ஊதினதுதான்."

"இது தாலிக்குப் பொன்னுருக்கிற உமி அடுப்பு. பிரேதத்துக்கு முன்னாலை போனதை நான் இதிலை வைச்சு, நாளைக்கு ஒருத்தி தாலி கழட்டினாள் எண்டால் அது என்ரை தலையிலைதான் விடியும். கோவியாதையுங்கோ."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் உள்ளே கொஞ்சம் சூடு வேண்டும். எங்களுக்குக் கிறிஸ்தவர்களாக அதில் நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் பூமணியின் தாலியையும் அதே அடுப்பில்தானே செய்விக்கப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கும் வந்தது. ஒருவன் காரணம் சொல்லி மறுத்தால் அவனிடம் திரும்பக் கெஞ்சாதே, மகனே. அவனுடைய காரணம் உனக்குச் சரியாகப் படாவிட்டாலும், அவன் இரவில் நித்திரை கொள்வது அதை வைத்துத்தான்.

பிறகு வண்ணார்பண்ணைக்குப் போய்ப் பித்தளைப் பாத்திரம் அடிக்கிற கன்னாரிடம் கொடுத்தேன். அவர் விரலால் சுண்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "நல்ல பழம் பித்தளை மாஸ்ரர். உருக்கினால் ஒரு குத்துவிளக்கும் ரண்டு மூக்குப்பேணியும் வரும்."

"அப்ப ஊதுறதுக்கு?"

"ஏன், தேத்தண்ணி சுட்டால் மூக்குப்பேணியை ஊதலாம்தானே."

பட்டறையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயால் மட்டும். அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கைக்கு வருவதெல்லாம் பாத்திரமாகத்தான் போகும். எந்த வேலைக்கு யாரிடம் போவது என்று தெரியாமல் போனது நான்தான்.

மூன்றாவது ஆளைக் கண்டது தற்செயல். திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போனவன், பலாலி றோட்டில் ஒரு கொட்டிலுக்கு முன்னால் கார் ரேடியேற்றர் ஒன்று பித்தளையாகப் பளபளத்துக் கிடப்பதைக் கண்டு நின்றேன். கடற்கரை ஊரான மயிலிட்டிக்காரர், சவிரிமுத்து என்று பெயர். ரேடியேற்றர் ஒழுகினால் ஈயம் வைத்து ஒட்டுகிறவர். பெற்றோல் பங்கீட்டுக்கு வந்த பிறகு கார்கள் ஓடவில்லை, ஓடாத கார் ஒழுகுவதுமில்லை, ஆகவே அவருக்கு வேலையும் இல்லை. வாய் மட்டும் ஓயாது. நான் கோர்னெற்றைக் கொண்டுபோய்க் காட்டியதும், இது என்ன சுறாவின் குடலா என்று கேட்டார்.

"எனக்குச் சுருதி கிருதி ஒண்டும் தெரியாது மாஸ்ரர். ஒழுகாமல் ஒட்டத் தெரியும். காத்தும் தண்ணி மாதிரித்தானே, ஓட்டை இருந்தால் போகும். ஆனால் ஈயத்துக்கு எங்கை போறது? வெள்ளீயம் வாறதே மலாயாவிலை இருந்து. மலாயா கையை விட்டுப் போட்டுது, ஈயமும் போட்டுது."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மாஸ்ரர், உங்கடை ஆரும் அங்கையோ?"

"மகன். இது அவன்ரை."

"உயிரோடை இருக்கிறாரோ?"

அதுவரைக்கும் அப்படி நேராக என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. எல்லாரும் கடவுள் சித்தம் என்பார்கள், காலம் சரியில்லை என்பார்கள், தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

"தெரியாது" என்றேன்.

"அப்ப பாத்து ஒட்டவேணும்" என்று சொல்லி அதைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

அந்த மனிதர் செத்துப்போன ரேடியேற்றர்களில் இருந்து பழைய ஈயத்தைச் சுரண்டிச் சுரண்டி ஒரு பால்ரின்னில் சேர்த்தார். ஒரு ரேடியேற்றரில் நகக்கண் அளவுதான் தேறும். கோர்னெற்றின் இரண்டு காலையும் நீட்டப் பித்தளைக் குழாய் வேண்டுமென்றார். ஊர் முழுக்கத் தேடினோம், கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் கட்டிலின் நுளம்புவலைக் கம்பி உட்குடைவான பித்தளை என்பது நினைவுக்கு வர, அதைக் கழற்றிக் கொண்டுபோனேன். அளவு ஏறக்குறையப் பொருந்தியது. அன்றிலிருந்து நானும் உன் அம்மாவும் வேப்பிலைப் புகையில்தான் படுக்கிறோம். முதல் தரம் அவர் ஒட்டியபோது ஈயம் உள்ளே வழிந்து அடைத்துக்கொண்டது. கழற்றித் துடைத்துத் திரும்பவும் ஈயம் சேர்க்கத் தொடங்கினார். நான் சும்மா போய் அந்தக் கொட்டிலில் இருப்பேன். அவர் கடலைப் பற்றியும் தன் பெண்சாதியின் சமையலைப் பற்றியும் கதைத்துக்கொண்டேயிருப்பார், நான் ம் கொட்டுவேன். வேறு வீடுகளில் என்னைக் கண்டால் கதை நின்றுவிடும். அங்கே நிற்காது. அதனால்தான் போனேன் என்று இப்போது தெரிகிறது.

இப்படியே சண்டையும் முடிந்தது. அந்தக் கந்தோர்க்காரர் வந்துபோன பிறகு, போன சனிக்கிழமை பின்னேரம் சவிரிமுத்து சைக்கிளில் அதைக் கொண்டுவந்தார். நேராகத் தேவாலயத்துக்கே வரச் சொல்லியிருந்தேன். வடிவான வேலை என்று சொல்லமாட்டேன். இரண்டு காலிலும் ஈயம் கட்டி கட்டியாகத் தடித்திருக்கிறது, நீ கண்டால் முகம் சுளிப்பாய். ஓர்கன் வாசிக்கும் ரீச்சரையும் கூப்பிட்டிருந்தேன். எல்லாம் சரி, ஊதுவது யார்? சவிரிமுத்து கன்னத்தை உப்பி ஊதினார், மாடு செருமின சத்தம் வந்தது. எனக்கு முன்பல்லு இல்லை. அப்போது பூமணி, "ஐயா, இஞ்சை தாங்கோ" என்றாள்.

"நீ எப்ப பழகினனீ?"

"அண்ணை இருக்கேக்கையே. வாய் எப்பிடி வைக்கிறதெண்டு அவர்தான் காட்டித் தந்தவர். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு சொன்னவர்."

இப்படி ஒரு வேலை என் வீட்டுக் கிணற்றடியில் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பரவாயில்லை. நான் முதலில் போய், எங்கள் வீட்டுப்பக்க யன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தினேன். வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைதானே. உன் அம்மா இந்தச் சத்தத்தைக் கேட்டால் நீ வந்துவிட்டாய் என்று ஓடிவருவா. ஓடிவந்து பூமணியைக் கண்டால் அவவுக்கு என்ன ஆகும் என்று எனக்குப் பயமில்லை, பயப்பட என்னால் முடியவில்லை. ஆனால் சாத்த வேண்டும் என்று அறிவுக்குப் பட்டது, சாத்தினேன்.

ரீச்சர் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தா. பூமணி ஊதினாள். முன்பென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நடுக்கம் கேட்கும். இந்தத் தரம் அது இல்லை. எது ஓர்கன், எது கோர்னெற் என்று பிரிக்க முடியவில்லை. பிறகு அவள் ஒரு ஞானப்பாட்டை எடுத்து முழுக்க ஊதினாள். கடைசி அடிக்கு முன்னால் நீ மூச்செடுக்க ஒரு கணம் கூட நிற்பாயே, பாட்டுக்காரர் எல்லாரும் உன்னை முறைப்பார்களே, அந்த இடத்தில் அவளும் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நீதான். ரீச்சர் அழுதா. சவிரிமுத்து குனிந்து அந்த ஈயக்கட்டிகளைத் தடவிப் பார்த்து, "ஒழுகேல்லை" என்றார்.

நான் ஒழுங்கையைத் தாண்டி வீட்டுக்குப் போனேன். உன் அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. எழும்பவேயில்லை.

"சத்தம் கேட்டதோ?" என்றேன்.

"கேட்டது. யன்னலைச் சாத்தினால் மட்டும் கேளாமல் விடுமோ? பூமணி நல்லா ஊதுறாள்."

"பூமணி எண்டு எப்பிடித் தெரியும்?"

"பின்னை ஆர்?"

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீர் அவன் எண்டு நினைக்கேல்லையோ?"

அவ தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தா. "இஞ்சேருங்கோ, அந்த மனுசன் வந்து தேத்தண்ணி குடிச்ச அண்டைக்கே எனக்குத் தெரிஞ்சிட்டுது. உங்களை நினைச்சுத்தான் நான் தபால்காரனிட்டை ஓடுறது. நான் ஓடாமல் இருந்திட்டால் நீங்கள் முறிஞ்சுபோவியள்."

இத்தனை மாதமும் நான் அவவைத் தாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். நீ ஒரு நாள் கலியாணம் கட்டினால், பெண்சாதியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று மட்டும் ஒருக்காலும் நினைக்காதே.

அவ தொடர்ந்து சொன்னா. "கலியாணம் முடியட்டும். பிறகு போதகரிட்டைச் சொல்லி ஆராதனையை வையுங்கோ. பூமணி ஊதட்டும். ஊரிலை செத்த எல்லாருக்கும் அவன் ஊதினவன். அவனுக்கு ஒருத்தரும் ஒண்டும் ஊதேல்லை."

"அப்ப கலியாணத்தை அவனுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"எனக்குத் தெரியாது. இருக்கிறான் எண்டு நினைக்கிறது நீங்கள்தானே, நீங்கள் எழுதுங்கோ. அவனுக்குச் சொல்லாமல் நான் வேறை ஆருக்கும் சொல்லமாட்டன்."

இன்று காலை போதகரிடம் போய் நினைவு ஆராதனைக்கு ஓம் சொன்னேன். கலியாணத்துக்கு அடுத்த மாதம், முதல் ஞாயிறு என்று குறித்துக்கொண்டார். என்ன பாட்டு என்று கேட்டார், பூமணியைக் கேளுங்கள் என்றேன். திரும்பி வந்து, கைகால் கழுவி, இதை எழுத இருந்தேன். எழுதத் தொடங்கும்போது ஒன்றுமில்லை. இந்த இடத்துக்கு வரும்போது மட்டும், மகனே, எனக்குப் பயமாயிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிடும் என்று பயமாயிருக்கிறது. உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், பூமணிக்கும் தெரிந்திருக்கும், போதகருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். எனக்கு மட்டும் இன்னும் தெரியாது.

கலியாணத்துக்கு உனக்குக் கப்பல் கிடைக்காது. இப்போது அங்கிருந்து இடம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு நீ வராவிட்டால் நாங்கள் ஒருவரும் குறை நினைக்கமாட்டோம், பூமணியும் நினைக்கமாட்டாள்.

மற்றதுக்கு முன்னம் வந்துவிடு.

உன் ஐயா